மீண்டும் ஊசி எடுத்தேன்

ஊசியில் நூல் கோப்பதை ஒரு வேலை என்றே நான் எண்ணியதில்லை, என் வலக்கை மணிக்கட்டு முறியும் வரையில். கை முறிந்த கதையையும், அந்தக் கை மறுபடியும் தைக்கப் பழகிய கதையையும் இன்று மாணவ மாணவியராகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வயதான ஒருத்தியின் கைவலி நமக்கு எதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். இதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நான் தைப்பது பழம்புடவைப் போர்வை. 1978-ஆம் ஆண்டு மணமாகி, அந்நாளில் கல்கத்தா என்றே வழங்கிய நகரத்தில் குடியேறினேன். லேக் மார்க்கெட்டுக்கு அருகில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டியார் இருந்தார். மாசிமா என்றே அவரை அழைப்போம். வங்கமொழியில் அதற்குச் சிற்றன்னை என்று பொருள். 1947-இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியுடன் வந்தவர் அவர். அந்தப் பெட்டியில் அவருடைய தாயார் தைத்த போர்வை ஒன்று இருந்தது. அவ்வகைப் போர்வையைக் காந்தா என்கிறார்கள். கந்தல் துணியால் தைத்த ஆடைக்கு வடமொழியில் கந்தா என்று பெயர். நம்முடைய 'கந்தை' என்ற சொல்லும் அதற்கு உறவே என்பர்.

உடுத்து நைந்த பருத்திப் புடவைகள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரிப்பார் மாசிமா. நான்கு மூலைகளிலும் கனமான பொருள்களை வைத்துச் சுருக்கம் நீக்குவார். ஓரங்களை உள்மடித்து, நெட்டிழையாகத் தைத்து அடுக்குகளை நிலைநிறுத்துவார். அதன் பிறகே உண்மையான வேலை தொடங்கும். எளிய ஓட்டுத்தையல்தான்; ஆனால் வரிசை வரிசையாக, போர்வை முழுவதும் நிறையும்படி தைக்க வேண்டும். அந்நெருக்கத்தால் துணியில் நீரலை போன்ற நெளிவு தோன்றும். நூலுங்கூடக் கடையில் வாங்கியதன்று; பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய சிவப்பும் நீலமும் கறுப்புமான இழைகள். குளிருக்குப் போர்த்துவது லேப். விருந்தினருக்கு விரிப்பது சுஜனி. கண்ணாடி சீப்பைச் சுற்றி வைப்பது ஆர்சிலதா.

கல்கத்தாவை அடுத்த ஜோகாவில் குருசதய தத்தர் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி திரட்டிய நாட்டுப்புறக் கலைப் பொருள்களின் காட்சிச்சாலைக்கு மாசிமா என்னை ஒருமுறை அழைத்துச் சென்றார். அங்கே மானதாசுந்தரி என்ற பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்த காந்தாவைக் கண்டேன். தம் கையாலேயே தைத்தது என்று அவர் ஊசியாலேயே எழுதி வைத்திருக்கிறார். 'தன் கையால்' என்ற அந்த வார்த்தையின் கனம் அன்று எனக்கு விளங்கவில்லை.

பிற்பாடு கும்பகோணம் திரும்பினோம். 2017-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகும் குழந்தைக்காக ஒரு லேப் தைக்கத் தொடங்கி, பாதி முடித்திருந்தேன். ஒருநாள் காலை, மழையில் பாசி படர்ந்திருந்த கிணற்றடியில் கால் வழுக்கிற்று. விழுபவர்கள் கையை ஊன்றுவது இயல்பு. நானும் ஊன்றினேன். உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கிற்று.

இவ்வாறு முறியும் எலும்பைப் பற்றி ஆபிரகாம் காலிஸ் என்ற அயர்லாந்து மருத்துவர் 1814-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்தான். உள்ளே இருப்பதைக் காட்டும் கருவி இல்லாத காலத்தில், தொட்டும் பார்த்தும் அவர் அறிந்துரைத்த முறிவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வயது முதிர்ந்து எலும்பு வலுவிழந்த பெண்களுக்கு இது மிகுதியாக நேர்கிறது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கை மெலிந்து, தோல் வறண்டு, மரக்கட்டைபோல் விறைத்திருந்தது. கோயிலில் தீர்த்தம் வாங்க உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப இயலவில்லை. இடக்கையை நீட்டவும் மனம் ஒப்பவில்லை. வாங்காமலேயே திரும்பினேன்.

வீட்டில் எல்லோரும் என்னைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார்கள். அதுவரை அடுப்பங்கரையே அறியாத என் கணவர் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். மருமகள் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். "நீங்கள் சும்மா இருந்தால் போதும்" என்பதே எல்லோருடைய பேச்சும். சில நாள் அது இனித்தது. பிறகு, என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆகிவிட்டாற்போல் தோன்றிற்று.

மார்கழியில் ஒருநாள் என் தையல் மூட்டையைத் தேடினேன், காணோம். பரண்மேல் ஏற்றிவிட்டார்களாம். குழந்தைக்கென்று கடையில் ஒரு கம்பளியும் வாங்கியாயிற்றாம்.

"ஏன் அம்மா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?" என்றேன்.

"அத்தை, அதைப் பார்த்தால் உங்கள் மனம் வருந்துமே என்றுதான் எடுத்து வைத்தோம்" என்றாள் மருமகள்.

அவள் மேல் குற்றமில்லை. அன்பினால் செய்ததுதான். ஆயினும் கை முறிந்தபோது இல்லாத ஒரு வலியை அன்று உணர்ந்தேன். இவளால் இனி முடியாது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவை என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் கைப்பயிற்சி கற்பிக்கும் அம்மையாரிடம் இதைச் சொன்னேன். வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டவும், ஈரத்துணியைப் பிழியவும் அவர் கற்பித்து வந்தார். "தையல் நல்ல பயிற்சியே. நாளுக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் ஒரு தையல்கூட வேண்டாம்" என்றார்.

மூட்டை பரணிலிருந்து இறங்கிற்று. முதல் நாள் பத்து நிமிடத்தில் பதினோரு தையல் போட்டேன். அரிசி அளவிருந்த என் தையல் புளியங்கொட்டை அளவாகிவிட்டது, வரிசையும் கோணிற்று. பார்க்கப் பொறுக்காமல் அத்தனையையும் பிரித்தேன். மூன்றாம் நாள் வெறி வந்தவள்போல் ஒரு மணி நேரம் தைத்தேன். மாலைக்குள் கை வீங்கிவிட்டது. ஒரு வாரம் ஊசியைத் தொட முடியவில்லை. யாரையும் நோவதற்கில்லை, என் பேராசைக்கு நானே கொடுத்த விலை அது.

அதன் பிறகு எனக்கு நானே இரண்டு சட்டங்கள் விதித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. போட்ட தையலைப் பிரிப்பதில்லை. நூல் கோக்க மட்டும் என்னால் முடியவில்லை. நான்காம் வகுப்பில் படித்த என் பேரன் நாள்தோறும் பள்ளிக்குப் புறப்படுமுன் ஐந்து ஊசிகளில் நூல் கோத்து, ஒரு துணிச்சுருளில் குத்தி வைத்துவிட்டுப் போவான். "பாட்டி, இன்றைக்கு ஐந்தும் தீர்ந்ததா?" என்று மாலையில் வந்து கணக்குக் கேட்பான். தைக்கட்டுமா என்று ஒருநாளும் அவன் கேட்டதில்லை. என்னால் இயலாததை அவன் செய்தான். இயன்றதை என்னிடமே விட்டுவிட்டான்.

மாசியில் பேத்தி பிறந்தாள். போர்வை முடியவில்லை. கடைக் கம்பளியில்தான் அவளைச் சுற்றினோம்; அதில் எனக்கு வருத்தமில்லை. பத்து நிமிடம் மெல்ல மெல்ல அரைமணி ஆயிற்று. கார்த்திகையில், குழந்தை தவழ்ந்து திரியும் பருவத்தில், கடைசி வரிசையைத் தைத்து முடித்தேன். இப்போதும் அந்தப் போர்வையை விரித்தால் நான் விழுந்த நாள் எந்த வரிசையில் வருகிறது என்று தெரியும். அதுவரை நுண்ணிய தையல்; அதற்கப்பால் பெரிய, கோணல் தையல்; ஓரத்தை நெருங்க நெருங்கச் சிறிது சிறிதாக ஒழுங்கு திரும்பியிருக்கும். பழைய நுட்பம் முழுவதும் திரும்பவில்லை. மணிக்கட்டும் முன்போல் முழுதும் திரும்புவதில்லை. ஆனால் தீர்த்தம் வாங்குகிறேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் பாட்டியோ தாத்தாவோ, தாயோ தந்தையோ நோயினாலோ விபத்தினாலோ ஓய்ந்திருக்கும் காலம் வரலாம். அவர்கள் சுமையை வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் எல்லா வேலையையும் அவர்கள் கையிலிருந்து பறித்துவிடுமுன், "எந்த வேலையை உங்களிடம் விட்டுவைக்கட்டும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விடை கிடைத்ததும், அந்த வேலைக்கு வேண்டிய ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். மாலையில் வந்து மறவாமல் கணக்குக் கேளுங்கள்.