பிரித்தானியாவில் நடுநிலை வாக்காளரை வென்றவர்கள்



நீதிமன்றிலே வழக்குரைக்கும் அப்புக்காத்து ஒருவர், தம் பின்னால் அமர்ந்திருக்கும் கட்சிக்காரரின் முகம் மலரவேண்டும் என்பதற்காகவே பேசுவாராயின், அவ்வழக்கு உருப்படாது. பேச்சுச் சென்று சேரவேண்டிய இடம் யூரர் எழுவர் இருக்கும் ஆசனம். அவருள்ளும் எப்பக்கமும் சாயாது நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருக்கும் இருவர் மூவரே தீர்ப்பை ஆக்குபவர். இதனை இங்கு வந்திருக்கும் சட்டத்துறையினர் அறிவர். காணி வழக்குக்காக ஆண்டுக் கணக்கில் அலைந்த கமக்காரர் அதனிலும் நன்கறிவர். அரசியலிலும் தலைவனுக்குப் பின்னால் நிற்போருக்குக் கட்சிக்காரர் என்றே பெயர். அவர்களை மகிழ்வித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆட்சி கிடைக்குமென்பது நிச்சயமில்லை. பிரித்தானியத் தொழிற் கட்சி இந்தப் பாடத்தைப் படித்து முடிக்க, 1979 முதல் 1997 வரை பதினெட்டு ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் இருக்க நேர்ந்தது.

முதலில் அந்நாட்டு வாக்குக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தொகுதியில் எவர் அதிக வாக்குப் பெற்றாரோ அவரே அங்கத்தவர். ஏனைய வாக்குகள் அத்தொகுதியோடு அடங்கிவிடும். 1977 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் வரை நம் நாட்டில் பெரும்பாலும் நிலவியதும் இம்முறையே. 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைவிடச் சற்றுக் கூடிய வாக்குப் பெற்றும் 17 ஆசனங்களோடு ஒடுங்கியதும், மற்றையது 91 ஆசனங்களோடு அரசமைத்ததும் மூத்தோருக்கு நினைவிருக்கும். பிரித்தானியாவிலும் 1951 இல் தொழிற் கட்சிக்கே வாக்கு அதிகம். ஆயினும் சேர்ச்சிலின் தரப்பு 321 ஆசனங்களுடன் ஆட்சியேற்றது. அண்மைக் காலத்தில், 2017 இல், ஜெரமி கோர்பின் ஒரு கோடியே 28 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைத் திரட்டியும் தோற்றார். 2024 இல் கீர் ஸ்டார்மர் ஏறக்குறைய 97 இலட்சம் வாக்குகளோடு 411 ஆசனங்களை வென்றார். ஆகவே எத்தனை வாக்கு என்பதோடு எந்த ஊரில், எவருடைய வாக்கு என்பதும் கேள்வியாகின்றது. சென்ற முறை ஒரு கட்சிக்கும் இம்முறை மற்றக் கட்சிக்கும் வாக்களிக்கக் கூடிய மக்கள் வாழும் சில பத்துத் தொகுதிகளே ஆட்சியைத் தீர்மானிக்கின்றன.

இம்மக்களை நடுநிலையாளர் என்கின்றோம். அவர்கள் அரசியலிலே பெருங் காதல் கொண்டவரல்லர். வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி, வைத்தியசாலையில் காத்திருக்கும் வரிசை ஆகியவையே அவர் கவலை. ஒரு கட்சியை விரும்பி வாக்களிப்பதைவிட, ஒரு கட்சியை அஞ்சி வாக்களிக்காது விடுவதே அவர் இயல்பு. ஆதலின் அவரை வெல்ல விரும்பும் தலைவனின் முதற் கடமை அச்சம் போக்குவதாகும்.

1983 ஆம் ஆண்டில் மைக்கேல் பூட் தலைமையிலே தொழிற் கட்சி வெளியிட்ட விஞ்ஞாபனம் அணு ஆயுதங்களை ஒருதலையாகத் துறத்தல், ஐரோப்பியப் பொதுச் சந்தையிலிருந்து விலகல், தொழில்களைத் தேசியமயமாக்கல் என விரிந்தது. கட்சிக்காரர் களித்தனர். நாட்டிலே கிடைத்தது நூற்றுக்கு 27.6 வாக்கு. லிபரல் கட்சியும், தொழிற் கட்சியிலிருந்து பிரிந்தோரும் அமைத்த கூட்டணி 25.4 வரை எட்டிப் பிடித்தது. அதற்கு 23 ஆசனங்களும் தொழிற் கட்சிக்கு 209 ஆசனங்களும் கிடைத்தமை அந்தத் தேர்தல் முறையின் விந்தை.

அடுத்து வந்தவர் நீல் கினொக். 1985 இல் போர்ண்மத் நகரில் நடந்த மகாநாட்டிலே, லிவர்ப்பூல் நகரசபையைக் கைக்கொண்டிருந்த தீவிரக் குழுவினரை அவர்கள் முகத்துக்கெதிரே கண்டித்தார். சபையிலே கூக்குரல் எழுந்தது. மேடையிலிருந்த மூத்தவர் ஒருவர் எழுந்து வெளியேறினார். தன் வீட்டைத் திருத்தத் துணிந்த தலைவன் என நாடு அவரை நோக்கத் தொடங்கியது அன்றுதான். எனினும் 1987 இலும் 1992 இலும் அவர் தோற்றார். 1992 இல் வரி உயரும் என்ற அச்சத்தைக் கன்சர்வேட்டிவ் கட்சி வீடு வீடாகக் கொண்டு சென்றது; தொழிற் கட்சி முன்வைத்த வரித் திட்டமே அதற்கு வாய்ப்பளித்தது. கினொக் உழுதார், அறுவடை வேறொருவருக்கு வாய்த்தது.

அவ்வேறொருவர் ரொனி பிளேயர். தொழிற் கட்சி யாப்பின் நாலாம் பிரிவு, உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாதல் வேண்டுமென 1918 முதல் கூறி வந்தது. அங்கத்தவர் அட்டையிலும் அது பொறிக்கப்பட்டிருந்தது. அதனை வரைந்தவர் சிட்னி வெப். இவர் பின்னர் பாஸ்பீல்ட் பிரபுவாகிக் குடியேற்ற நாட்டு மந்திரியாயிருந்த காலத்திலேதான் டொனமூர்த் திட்டம் நம் தலைமேல் இறங்கியது. சர்வசன வாக்குரிமையும் அதனோடு வந்தது. நிற்க. அந்த நாலாம் பிரிவை 1959 தோல்வியின் பின் மாற்ற முயன்ற கெயிற்ஸ்கெல் தோற்றார். பிளேயர் ஊரூராகச் சென்று, அங்கத்தவர் நடுவே நின்று, எதிர்க் கேள்விகளுக்கு விடையிறுத்து, 1995 ஏப்ரலில் விசேட மகாநாட்டைக் கூட்டி, ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கு வாக்குடன் அதனை மாற்றினார். 1997 தேர்தலுக்கு முன்னர், வருமான வரி வீதம் உயராது என்றும், கன்சர்வேட்டிவ் அரசின் செலவு எல்லையை ஈராண்டு மீறுவதில்லை என்றும் அவர் தரப்பு உறுதியளித்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் ஓர் அட்டையில் ஐந்தே வாக்குறுதிகள். தேர்தலில் 418 ஆசனங்கள்.

இதனைச் சரணாகதி என்று இகழ்ந்தோர் உண்டு. அவ்விகழ்ச்சி முழுவதும் பொருந்தாது. தேசியக் குறைந்தபட்ச வேதனமும் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றமும் 1999 இல் வந்தன. இவை சிறு காரியங்களல்ல. அச்சம் தெளிந்தபின் நடுநிலையாளர் பெரிய மாற்றங்களையும் அனுமதிக்கின்றனர். வலதுசாரிகளும் இதே வழியில் நடந்துள்ளனர். 1945 இல் படுதோல்வியுற்ற கன்சர்வேட்டிவ் கட்சி, பட்லர் முன்னின்று ஆக்கிய 1947 ஆம் ஆண்டுத் தொழிற்சாசனத்தால், தொழிற் கட்சி செய்தவற்றுட் பலவற்றை ஏற்றுக்கொண்டது. இலவச வைத்திய சேவை 1951 இன் பின்னும் நிலைத்தது.

ஆனால் இதற்கு விலையுண்டு. நடுவை நோக்கி நகரும் தலைவன், ஓரத்தில் நிற்பவனுக்குப் போக்கிடமில்லை என எண்ணுகின்றான். போக்கிடம் உண்டாகிவிடும். 2001 இல் வாக்களித்தோர் நூற்றுக்கு 59 பேரே. நாலாண்டுக்கு முன் அது 71. 2024 இல் காஸாப் போர் குறித்த சினத்தால் தொழிற் கட்சி தன் கோட்டைகள் சிலவற்றைச் சுயேச்சைகளிடம் இழந்தது.

இங்கேதான் நாம் ஒரு வேறுபாட்டை வற்புறுத்த விரும்புகின்றோம். பிளேயர் தம் கட்சியை மாற்றியது வெளிப்படையாக, வாக்கெடுத்து. ஸ்டார்மர் 2020 இல் அங்கத்தவரிடம் பத்து உறுதிமொழிகள் கூறித் தலைமையைப் பெற்றார்; பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்பது, நீரையும் மின்சாரத்தையும் பொதுவுடைமையாக்குவது போன்றவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகக் கைவிட்டார். அவர் அரச வழக்குத் தொடுநராயிருந்தவர், நம் தொழிலைச் சேர்ந்தவர்; காலநிலை மாறிற்று என்ற அவர் வாதம் நமக்குப் புரியாததன்று. ஆயினும் கொடுத்த வாக்கைக் கட்சிக்காரருக்கு நெகிழ்த்தியவர் நமக்கு மட்டும் இறுக்கிப் பிடிப்பாரா என நடுநிலையாளன் ஐயுறுவது இயல்பே. 2024 இல் நூற்றுக்கு 33.7 வாக்கோடு மாபெரும் பெரும்பான்மை கிடைத்தது. வாக்கு வந்தது, வாஞ்சை வரவில்லை.

அதன் விளைவை இங்குள்ள கமக்காரர் எளிதில் உணர்வர். 2023 இல் அங்குள்ள தேசிய விவசாயிகள் சங்க மகாநாட்டுக்குச் சென்று ஸ்டார்மர் கமக்காரரின் நண்பராகப் பேசினார். அடுத்த ஆண்டுத் தேர்தலிலே, பரம்பரையாகக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கே வாக்களித்த நாட்டுப்புறத் தொகுதிகள் பல அவர் பக்கம் சேர்ந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் வரவு செலவுத் திட்டம், பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட கமச் சொத்துக்கு 2026 ஏப்ரல் முதல் மரண உரிமை வரி நூற்றுக்கு 20 வீதம் விழும் என்றது. விஞ்ஞாபனத்தில் இதுபற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை. பெரும் பணக்காரர் வரிக்குத் தப்ப நிலம் வாங்கிக் குவிப்பதைத் தடுப்பதே நோக்கம் என்றது அரசாங்கம், அந்நியாயத்தில் உண்மையில்லாமலில்லை. ஆனால் அதனைத் தேர்தலுக்கு முன் வாக்காளர் முன்னிலையில் எடுத்துரைத்திருக்கலாம். நவம்பரிலே ஆயிரக்கணக்கான கமக்காரர் வைற்ஹோல் வீதியை நிறைத்தனர்; உழவு இயந்திரங்களும் வந்து நின்றன. 2025 டிசம்பரில் வரியெல்லையை 25 இலட்சம் பவுணாக உயர்த்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அன்று அவ்வீதியில் நின்றோருள், 2024 ஜூலையில் முதன்முறையாகத் தொழிற் கட்சிக்குப் புள்ளடியிட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதை அத்தொகுதிகளின் அங்கத்தவர்கள் எண்ணிப் பார்த்திருப்பர்.