மொறுமொறு பனீர்: நாற்பது பேருக்குச் செய்து, நாமும் உட்கார்ந்து சாப்பிட

(மகளிர் பிரிவின் மாதாந்திரக் கூட்டத்தில் தில்லி அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது ஓர் இளம் அங்கத்தினர் என்னிடம், "மாமி, ஆத்துல குழந்தைக்குப் பிறந்தநாள், நாற்பது பேர் வரா. பனீர் வறுவல் பண்ணணும்னு ஆசை. ஆனா நான் பண்ணினா பத்து நிமிஷத்துல நமுத்துப் போயிடறது. வெளியில ஆர்டர் பண்ணிடட்டுமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்தேன். சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அதனால்தான் செயலாளர் இன்று இதையே பேசச் சொல்லிவிட்டார்.

நான் கல்யாணமாகி 1979-ல் தில்லிக்கு வந்தவள். பனீர் என்ற பெயரையே அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கொதிக்கிற பாலில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து காட்டியபோது, என் மாமியார் பதறிப் போய்விட்டார். "நல்ல பாலை யாராவது வேணும்னு திரிய விடுவாளா? வீட்டுக்கு ஆகுமோ?" என்றார். பால் திரிந்தால் அபசகுனம் என்று வளர்ந்தவர் அவர். இரண்டு வருஷம் எங்கள் அகத்தில் பனீர் செய்யவில்லை. பிறகு பேரன் கேட்டான் என்று அவரே ஒருநாள் மெல்லிய வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தார். பேரன் பேத்திகள் வந்தால் எந்த ஆசாரமும் கொஞ்சம் வழிவிடும்!

ஆனால் இன்று நான் சொல்ல வந்தது அந்தக் கதை அல்ல. என் கணவரின் சஷ்டியப்தபூர்த்தி முடிந்த மறுநாள் சாயங்காலம், அகத்தில் முப்பது பேருக்குச் சிற்றுண்டி. கும்பகோணத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். நாங்கள் பார்த்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நான் கடலைமாவைக் கரைத்து, பனீர் பக்கோடாவை வாணலியில் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தேன். அக்கா இரண்டு தடவை சமையலறை வாசலில் வந்து நின்றாள். இரண்டு தடவையும், "இதோ வந்துட்டேன், நீ போய் உட்காரு" என்றேன். நான் கை அலம்பிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஒன்பதரை. அக்கா தூங்கிவிட்டாள். விடியற்காலையில் அவளுக்கு ரயில். அடுத்த வருஷம் அவள் போய்விட்டாள்.

அவ்வளவு பாடுபட்டு நான் பொரித்த பக்கோடாவாவது மொறுமொறுப்பாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று ஹாட்பேக்கில் அடுக்கி மூடி வைத்திருந்தேன். திறந்தபோது எல்லாம் வேகவைத்த இலைபோல் தளர்ந்து கிடந்தன. அன்றிலிருந்து யோசித்து, பல தடவை செய்து பார்த்து, ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மொறுமொறுப்பு என்பது வேறொன்றும் இல்லை, மேல் தோலில் தண்ணீர் இல்லாமல் இருப்பதுதான். பனீருக்குள் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கலாம். அரசாங்க விதியே 60 சதவீதம் வரை ஈரப்பதத்தை அனுமதிக்கிறது. பொரித்து எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் அந்த நீர் ஆவியாகி வெளியே வரும். மூடி வைத்தால் ஆவி போக வழியில்லாமல் மேல் தோலிலேயே படியும். காகிதத்தின் மேல் குவித்தாலும் அடிப்பக்கம் அப்படித்தான் நமுக்கும். ஆகவே மூடக் கூடாது, குவிக்கக் கூடாது. கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டு இருந்தால் உத்தமம். இல்லாவிட்டால் அகலமான ஜல்லடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அச்சு மை உணவில் சேருவது கெடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது.

"பனீருக்குப் பதில் சீஸ் போடலாமா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். பெரிய கூட்டத்துக்குப் பனீர்தான் கைகொடுக்கும். பீட்ஸாவில் போடும் மொஸரெல்லா சூட்டில் உருகும். மேல்மாவில் ஊசி முனை இடைவெளி இருந்தாலும் எண்ணெயில் வழிந்து வெடிக்கும். பனீர் சூடான பாலில் புளிப்புச் சேர்த்துத் திரித்தது. அது உருகாது, வடிவம் மாறாது. இன்னொரு விஷயம், சீஸ் செய்யப் பாலை உறைய வைக்கும் ரென்னெட் என்ற பொருள், பழைய முறையில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது நுண்ணுயிரிலிருந்து கிடைக்கும் ரென்னெட்டும் உண்டு. ஆகையால் சீஸ் வாங்கினால் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பனீருக்கு ரென்னெட்டே தேவையில்லை. எலுமிச்சை, தயிர், வினிகர் ஏதாவது ஒன்று போதும்.

இப்போது அளவுக்கு வருவோம். நாற்பது பேர், தலைக்கு நாலு துண்டு, ஆக 160 துண்டுகள். ஒரு துண்டு 15 கிராம் என்றால் 2 கிலோ 400 கிராம். இரண்டரைக் கிலோ பனீர் வாங்கினால் சரியாக இருக்கும். கொழுப்பு நிறைந்த ஒரு லிட்டர் பாலில் சுமார் 200 கிராம் பனீர்தான் வரும். இரண்டரைக் கிலோவுக்குப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் பால் வேண்டும். ஆகவே வீட்டுப் பனீரை நாலு பேருக்கு வைத்துக்கொண்டு, கூட்டத்துக்குக் கடையில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

கடையில் வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்த போலிப் பனீர் சந்தையில் உண்டு. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னத் துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலமானால் ஸ்டார்ச் கலப்பு. அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். இந்தச் சோதனை மாவைத்தான் காட்டும், எண்ணெயைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடலைமாவுக் கரைசல் நாலு பேருக்குச் சரி. ஆனால் தோய்த்த கையோடு அடுப்பை விட்டு நகர முடியாது. நாற்பது பேருக்கு, காலையிலேயே செய்து வைக்கக்கூடிய பொடிப் பூச்சுதான் நல்லது. மைதா கால் கிலோ, சோளமாவு கால் கிலோ, உப்பு, மிளகுப்பொடி, கொஞ்சம் மிளகாய்ப்பொடி, பெருங்காயம். முக்கால் லிட்டர் தண்ணீரில் நீர்த்த தோசை மாவு பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். மேலே புரட்ட, ரஸ்க்கை ரவைபோல் கொரகொரப்பாகப் பொடித்து முக்கால் கிலோ. ரஸ்க்கிலும் ரொட்டியிலும் முட்டை சேர்ப்பதுண்டு. அங்கும் பச்சைப் புள்ளியைப் பாருங்கள். பேக்கரிப் பண்டமே வேண்டாம் என்பவர்கள் கெட்டி அவலை வறுத்துப் பொடித்துக்கொள்ளலாம். என் மாமியார் இருந்தவரை நான் அவல்தான் போட்டேன். ருசியில் ஒரு குறையும் இல்லை. வெங்காயம், பூண்டு இதில் எங்குமே இல்லை என்பதால் பெரியவர்களும் சங்கோஜமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள்.

பனீரை விரற்கடை அகலத் துண்டுகளாக நறுக்கி, சுத்தமான துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். குழம்புக்குப் போடுவதுபோல் வெந்நீரில் ஊறவைக்காதீர்கள். உப்பை முன்னதாகப் பனீரில் தடவாதீர்கள், நீர் விட்டுக்கொள்ளும். ஒரு கை கரைசலுக்கு, ஒரு கை பொடிக்கு என்று பிரித்துக்கொண்டால் விரலெல்லாம் மாவு உருண்டை ஆகாது. இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால் 160 துண்டும் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். அரை மணியாவது இருந்தால்தான் பூச்சு பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் வரையிலும் இருக்கலாம்.

இனி முக்கியமான ரகசியம். இரண்டு தடவை பொரிக்க வேண்டும்.

விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் முதல் பொரிப்பு. அகலமான வாணலியில் பாதிக்கு மேல் போகாமல் எண்ணெய். சூடு மிதமாக, 160 டிகிரி அளவில். ஒரு சொட்டு மாவு விட்டால் அடியில் தொட்டு, நிதானமாக மேலே வர வேண்டும். ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு துண்டுகள், இரண்டு நிமிஷம். வெளுப்பாக இருக்கும்போதே எடுத்து ஜல்லடையில் பரப்பிவிடுங்கள். அதிகம் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கும், பண்டம் எண்ணெய் குடிக்கும். பதினான்கு ஈடு, முக்கால் மணியில் முடியும். நீங்கள் முகம் அலம்பி, புடவை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து எல்லோரையும் வரவேற்கலாம்.

ஆறும்போது உள்ளே இருக்கும் ஈரம் மேல்பூச்சுக்கு வரும். பரிமாறும் வேளையில் எண்ணெயை 180 டிகிரிக்குச் சூடாக்கி, அதாவது மாவுச் சொட்டு போட்டவுடன் சீறி மேலே வரும் பதத்தில், இருபது துண்டாகப் போட்டு ஒரே நிமிஷத்தில் பொன்னிறமாக எடுங்கள். வெளியே வந்த ஈரம் இந்தச் சூட்டில் ஓடிவிடும். அதற்குமேல் விட்டால் பனீர் ரப்பராகிவிடும். மொத்தம் எட்டு ஈடு. இருபது நிமிஷத்துக்குள் வேலை முடிந்தது. அதையும் மூன்று தவணையாகச் செய்யுங்கள். ஒரு தவணை முடிந்து தட்டு காலியாகும்போது அடுத்தது. அரைபட்ட துண்டுகளை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், பால் பண்டம்.

தொட்டுக்கொள்ளக் கொத்துமல்லி, புதினா, பச்சைமிளகாய், எலுமிச்சை வைத்து அரைத்த கெட்டித் துவையல் போதும். அதைப் பக்கத்தில் கிண்ணத்தில் வையுங்கள், மேலே ஊற்றாதீர்கள்.

எண்ணெயைப் பற்றி மூன்று வார்த்தை. ஒவ்வோர் ஈட்டுக்கும் பிறகு உதிர்ந்த பொடியை வடிகட்டியால் அரித்து எடுங்கள். அது கருகித்தான் எண்ணெய் கறுக்கிறது. மிஞ்சியதை ஆறவைத்து வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். திரும்பப் பொரிக்க வேண்டாம். பலமுறை காய்ந்த எண்ணெயில் கெட்ட பொருட்கள் சேரும் என்பதால்தான், ஹோட்டல்களுக்கும் 2018 ஜூலை முதல் அதற்கு வரம்பு விதித்திருக்கிறார்கள்.

பட்டுப்புடவை, நைலான் துப்பட்டாவோடு வாணலி அருகே நிற்காதீர்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது. அடுப்பை அணைத்து, பெரிய எவர்சில்வர் தட்டால் மூடிவிட்டு, ஆறும்வரை நகர்த்தாமல் விடுங்கள். கையில் எண்ணெய் தெறித்துப் புண்ணானால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, மை, நெய் எதுவும் தடவாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று தவணை என்று சொன்னேன் அல்லவா? மூன்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. ஒரு தவணை நீங்கள், ஒன்று மாட்டுப்பெண் அல்லது நாத்தனார், ஒன்று ஆத்துக்காரர். ஏழு நிமிஷம் ஜல்லிக்கரண்டி பிடிக்க யாராலும் முடியும். என் பிள்ளை இப்போது இரண்டாம் தவணையை அழகாகச் செய்கிறான், கொஞ்சம் கூடுதலாகச் சிவக்க விட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

உங்கள் அகத்துக்கு வருகிறவர்கள் பனீர் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடுவார்கள். உங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள். யாராவது சமையலறை வாசலில் வந்து நின்றால், "இதோ வந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து உட்காருங்கள். முதல் பொரிப்பு முடிந்த பனீர் கொஞ்ச நேரம் காத்திருக்கும்.