கணக்குப் போட்டது யந்திரம், கையெழுத்து யாருடையது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செயற்கை நுண்ணறிவைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க, ஆனா பசங்களைப் பயமுறுத்திடாதீங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பயமுறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஏ.ஐ. வந்தால் வேலை போய்விடுமா என்பதைப் பற்றி நான் பேசப் போவதும் இல்லை. அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரு மனிதனைப் பற்றி யந்திரம் ஒரு முடிவு சொல்கிறது, அந்த முடிவு தப்பாகப் போகிறது. அப்போது பதில் சொல்ல வேண்டியவர் யார்? வங்கிக் கடன், வேலைக்கான நேர்முகத் தேர்வு, ரேஷன் அட்டை, உதவித்தொகை என்று எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது.

விடுதியில் இருந்தவர்களுக்கு 'டிவைடிங் சிஸ்டம்' மெஸ் ஞாபகம் இருக்கும். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தவனுக்கும், தினம் நாலு தடவை சாதம் வாங்கியவனுக்கும் ஒரே பில். நஷ்டம் சில ரூபாய்தான், திட்டிக்கொண்டே கட்டிவிட்டோம். இதே வகுத்தல் கணக்கை ஓர் அரசாங்கம் தன் குடிமக்கள் மேல் போட்டால் என்ன ஆகும்?

ஆஸ்திரேலியாவில் அப்படித்தான் போட்டார்கள். 'ரோபோடெட்' என்று அதற்குப் பெயர் வந்தது. 2015இல் சோதனையாகத் தொடங்கி, 2016இல் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்த திட்டம். அங்கே வேலையில்லாதவர்களுக்கும் மாணவர்களுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரசு உதவித்தொகை தருகிறது. அந்த இரண்டு வாரத்தில் என்ன சம்பாதித்தீர்களோ அதைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். வருமான வரித் துறையிடமோ ஆண்டு வருமானம்தான் இருந்தது. அதை 26ஆல் வகுத்து, வந்த சராசரியையே ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் வருமானம் என்று கணினி எடுத்துக்கொண்டது.

உதாரணம் சொல்கிறேன். ஒரு மாணவர் ஆறு மாதம் கடுமையாக வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். அடுத்த ஆறு மாதம் வேலை இல்லை. வருமானம் பூஜ்யம் என்று உண்மையைச் சொல்லி உதவித்தொகை வாங்குகிறார். கணினி 26,000ஐ 26ஆல் வகுக்கிறது. "நீங்கள் ஒவ்வொரு இரண்டு வாரமும் 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறீர்கள், பூஜ்யம் என்று சொன்னது பொய், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுங்கள்" என்று கடிதம் போகிறது. இல்லை என்றால் ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டை அவர்தான் தேடிக் காட்ட வேண்டும். கடை மூடிப் போயிருந்தால் சீட்டுக்கு எங்கே போவது? கட்டாதவர்கள் பின்னால் கடன் வசூல் நிறுவனங்கள் வந்தன.

முன்பு இந்த மாதிரி சந்தேகம் வந்தால் ஓர் அலுவலர் பார்ப்பார், வேலை கொடுத்தவரிடம் விசாரிப்பார். ஆண்டுக்குச் சுமார் 20,000 பேரைத்தான் அப்படிப் பார்க்க முடிந்தது. புதிய முறையில் அது வாரத்துக்கு 20,000 ஆயிற்று. வேகம் கூடியது, இடையில் இருந்த மனிதர் போய்விட்டார்.

2019 நவம்பரில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றத்தில் இந்தக் கணக்கு சட்டப்படி செல்லாது என்று ஆனது. 2020 மே மாதம், சுமார் 4,70,000 கடன்களுக்காக வாங்கிய 72 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. பிறகு கேதரின் ஹோம்ஸ் தலைமையில் அமைந்த அரச ஆணையம் 2023 ஜூலையில் அறிக்கை தந்தது. இந்தக் கடிதங்களுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் தாய்மார்கள் அந்த ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார்கள்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, இதில் பெரிய செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கு! ஆகவே "எங்க சாஃப்ட்வேர் ஏ.ஐ. இல்லை சார், அதனால் கவலை இல்லை" என்று யாரும் தப்பிக்க முடியாது. இரண்டு, இந்தச் சராசரி முறை சட்டத்துக்குப் பொருந்தாது என்று துறையின் சொந்தச் சட்ட ஆலோசகர்களே 2014இல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாள் கோப்பில் இருந்தது, தெரிந்தவர்களும் இருந்தார்கள். கேட்க வேண்டிய இடத்தில் அவர்கள் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் நாளைக்கு உட்காரப் போகும் நாற்காலிகள் அவை.

நெதர்லாந்து கதையும் இதே ஜாதிதான். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க வரித் துறை ஒரு கணினி முறை வைத்தது. விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதையும் அது ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, வாங்கியது முழுவதையும் கட்டச் சொல்லப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

அரசாங்கத்தை மட்டும் சொல்லக் கூடாது. வியாபாரத்துக்கு வருவோம். அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு யந்திரத்தைப் பழக்கியது. பத்து வருஷ விண்ணப்பங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. யந்திரமும் அதையே படித்துக்கொண்டு பெண்களுக்கு மதிப்பெண் குறைத்தது. அந்த முயற்சியைக் கைவிட்டார்கள் என்று 2018இல் செய்தி வந்தது.

ஏர் கனடா கதை இன்னும் வேடிக்கை. பாட்டி இறந்து போனதற்காக அவசரமாகப் பயணம் செய்த ஒருவர், துக்கப் பயணச் சலுகை பற்றி அந்நிறுவனத்தின் கணினி உரையாடியிடம் கேட்டார். டிக்கெட் வாங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் போதும் என்றது அது. பிறகு கேட்டால், அப்படி விதியே இல்லை என்று கம்பெனி கைவிரித்தது. தீர்ப்பாயத்தில் அவர்கள் வைத்த வாதம் என்ன தெரியுமா? உரையாடி தனி ஆள் மாதிரி, அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்று! 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் கடையில் வைத்த யந்திரம் சொன்ன சொல் கடைக்காரர் சொன்ன சொல்தான் என்று எழுத்தில் வந்துவிட்டது.

நமக்குப் பக்கத்திலேயே தெலங்கானாவைப் பாருங்கள். பல துறைகளின் பதிவேடுகளைக் கணினியில் இணைத்து, தகுதி இல்லாதவர்கள் என்று ரேஷன் அட்டைகளை நீக்கினார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம், ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளையும் நேரில் போய் விசாரித்து மறுபடி பார்க்கச் சொன்னது. பெயர் ஒத்துப்போன வேறு ஒருவரின் கார் தன் கணவர் கணக்கில் ஏறியதால் ரேஷன் இழந்த பெண் உண்டு. இனிஷியல் முன்னே ஒரு தாளிலும் பின்னே ஒரு தாளிலும் போடும் நம்ம ஊரில் இது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று யோசியுங்கள்.

"மனுஷன் மட்டும் தப்பு செய்யலையா சார்? லஞ்சம் வாங்கலையா?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மோசடியைப் பிடிக்கக் கணினி வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு குமாஸ்தா தப்பு செய்தால் அவர் மேசைக்கு வந்த கோப்புகளோடு நிற்கும். யந்திரம் தப்பு செய்தால் ஒரே ராத்திரியில் லட்சம் வீட்டுக்குக் கடிதம் போய்விடும். குமாஸ்தாவிடம் போய்ச் சண்டை போடலாம். யந்திரத்திடம் யார் போய் நிற்பது?

சட்டங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கட்டுப்பாடு என்பது அதன் முறை. மனிதர்களுக்கு 'சமூக மதிப்பெண்' போடுவது போன்ற சிலவற்றை 2025 பிப்ரவரி முதல் அறவே தடை செய்தது. தடையை மீறினால் 3.5 கோடி யூரோ வரை, அல்லது உலக விற்பனையில் 7 சதவீதம் வரை அபராதம். நியூயார்க் நகரில் ஆள் எடுக்கும் கணினி முறைகளைப் பாரபட்சம் உண்டா என்று ஆண்டுதோறும் வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். 2023 ஜூலை முதல் அமல். நம் தமிழக அரசும் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு என்று ஒரு கொள்கையை 2020இலேயே வெளியிட்டது. இது நமக்குப் பெருமை. ஆனால் கொள்கை தாளில் இருந்தால் போதாது. ஆஸ்திரேலியாவிலும் தாள் இருந்ததே!

இங்கே நிறுவனம் நடத்துபவர்கள், அரசுப் பணியில் இருப்பவர்கள், வங்கி அதிகாரிகள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்த முறை ஒரு விற்பனைப் பிரதிநிதி ஏ.ஐ. என்று சொல்லி ஒன்றைக் கொண்டு வந்தால், கையெழுத்துக்கு முன் நாலு கேள்வி கேளுங்கள்.

1. இது எடுக்கும் முடிவுக்கு எங்கள் அலுவலகத்தில் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் ஆள் யார்?

2. பாதிக்கப்பட்டவருக்குக் காரணத்தை அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல முடியுமா?

3. அவர் யாரிடம் முறையிடுவார்? முறையீட்டைக் கேட்பவருக்கு முடிவை மாற்றும் அதிகாரமும் நேரமும் உண்டா? ஒரு நாளைக்கு நானூறு கோப்பில் கையெழுத்துப் போடுபவர் எதையும் பார்ப்பதில்லை. வெறும் ரப்பர் ஸ்டாம்ப்.

4. யாரைக் கொண்டு சோதித்தீர்கள்? பெண்கள், கிராமத்தார், தினக்கூலிகள் அதில் இருந்தார்களா? வருஷா வருஷம் தணிக்கை செய்யும் வெளியாள் யார்?

பதில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள். லாபம் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினித் துறையில் இருப்பவர்கள் வணிகவியல், பொருளாதாரம், சமூகப்பணி படிக்கும் நண்பர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் எழுதும் நிரலில் 'சராசரி' என்று ஒரு வரி வரும்போது, அந்தச் சராசரியில் சேராதவன் என்ன ஆவான் என்று அவர்கள்தான் கேட்பார்கள். மேலதிகாரி சொன்னது தப்பு என்று தெரிந்தால் மரியாதையோடு எழுத்தில் கொடுங்கள். அது அலமாரியில் தூங்கினால் மறுபடியும் கேளுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லிக் கல்லூரியைக் கேட்போம்: 'இது தவறினால் யாருக்கு நஷ்டம், அவர் யாரிடம் போவார்?' நல்ல பதில் எழுதும் மாணவருக்கு ஆண்டுதோறும் சங்கத்தின் சார்பில் ஒரு பரிசு. முதல் வருஷப் பரிசுத் தொகையை நானே தருகிறேன்.