விதைப் பூச்சும் மூளையிற் சேரும் பாதரசமும்

(சரவணையிற் கமக்காரர் முன்னிலையில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



சென்ற விதைப்புக் காலத்தில் இவ்வூர் வளவொன்றில், மருந்தூட்டிய சோளவிதையில் எஞ்சியதைக் கழுவி ஓலைப்பாயில் உலரவிட்டிருக்கக் கண்டேன். “சிவப்புப் போய்விட்டது, இனி ஆட்டுக்கு வைக்கலாம்” என்றார் வீட்டுக்காரர். அச்சொல்லே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

ஈராக்கு நாட்டுக் கமக்காரரும் 1971ஆம் ஆண்டில் அவ்வாறே எண்ணினர். வெளிநாட்டிலிருந்து அவர்களுக்கு வந்த கோதுமை விதைக்குப் பங்கசு நோய் அணுகாதிருக்க மெதைல் பாதரசம் ஊட்டப்பட்டிருந்தது. பல இடங்களில் விதைப்புக் காலம் கடந்த பின்னரே மூடைகள் வந்து சேர்ந்தன. மூடையிலிருந்த எச்சரிக்கையோ அவர்கள் அறியாத மொழியில் இருந்தது. கழுவியபோது சாயம் போயிற்று, நஞ்சு போகவில்லை. சிலர் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தனர். சில நாளில் ஒன்றும் நேராமையால் ரொட்டி சுட்டு உண்டனர். வாரங்கள் கழிந்த பின்னரே கைகால் விறைத்தன, நடை தள்ளாடிற்று, பார்வை சுருங்கிற்று. வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கு இறந்தோர் 459 பேர்.

தீங்கு ஏன் இவ்வளவு பிந்துகிறது? வெப்பமானியிலுள்ள பாதரசத்தை விழுங்கினால் பெரும்பாலும் மலத்தோடு கழிந்துவிடும். அதன் ஆவியை முகர்வதே ஆபத்து. மெதைல் பாதரசம் அப்படியன்று. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குடலால் உறிஞ்சப்படும். உடலில் அது சிசுத்தீன் என்னும் அமினோவமிலத்தோடு பிணைந்து, மெதியோனீன் என்னும் சத்தின் சாயலைப் பெறுகிறது. மூளையின் வாயில் அதனைச் சத்தென்றே ஏற்று உள்ளே விடுகிறது. அங்கே சிறிது சிறிதாக வேறோர் உருவமாக மாறியபின் வெளியேற வழியின்றிப் பல்லாண்டு தங்கும். ஈரல் பித்தத்தோடு கழிப்பதிலும் பெரும்பங்கைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால் உடலிற் சேர்ந்ததிற் பாதி கழியவே ஏறக்குறைய 70 நாட் செல்லும். கணக்குப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஒரு பங்கு இடைவிடாது உண்பவர் உடலில், ஓராண்டு கழிய ஏறக்குறைய நூறு பங்கு தேங்கி நிற்கும். வரவாய்க்கால் அகன்றும் வடிவாய்க்கால் ஊசித்துளையாகவும் உள்ள வயலைப் போன்றது இது.

ஆட்டுக்குத்தானே என்பீர்கள். அமெரிக்காவின் நியூ மெச்சிக்கோவில் 1969இல் இத்தகைய விதையைப் பன்றிக்கு இட்டு, அவ்விறைச்சியை ஒரு குடும்பத்தார் உண்டனர். பிள்ளைகள் மூவருக்கு மூளை பழுதுற்றது. கர்ப்பிணியான தாய்க்கோ நோய்க்குறி ஒன்றுமில்லை. வயிற்றிலிருந்த சிசுவே பாதிப்புற்றது.

மினமாற்றா உடன்படிக்கையின்படி பாதரசம் சேர்ந்த பீடைநாசினிகளின் உற்பத்தியும் வணிகமும் 2020க்குப் பின் விலக்கப்பட்டுள்ளன. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. ஆயினும் இன்றைய பூச்சுக்களும் நஞ்சே. எஞ்சிய விதையை அதன் பையிலேயே கட்டி, பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். கழுவவே வேண்டாம். நான் கண்ட வளவிலே கழுவிய நீர் கிணற்றடியில் ஊற்றப்பட்டிருந்தது. நம் தீவிலே நன்னீர்க் கிணறு எவ்வளவு அரிது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தாய்மாருக்கு ஒன்று. மீனை மீன் தின்னத் தின்ன மெதைல் பாதரசம் பெருகும். சுறாவிலே அது மிகுதி. கழுவினாலும் அவித்தாலும் நீங்காது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பது நம் பழைய வழக்கம். பால் சுரக்கக் கொடுக்கும் அன்பை நான் பழிக்கவில்லை. ஆனாற் கர்ப்ப காலத்திலும் பாலூட்டுங் காலத்திலும் சுறாவை விலக்கி, சூடை, நெத்தலி போன்ற சிறுமீனைச் சமைத்துக் கொடுங்கள்.