கையிருப்பில் கறி சமைத்தல்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



சிக்கனச் சமையல் பற்றி எங்கள் வகுப்பினர் பேசவேண்டுமென்று செயற்குழு கேட்டது. தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறோம். 1973, 74 ஆம் ஆண்டுகளில் பாண் வரிசையில் நின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் வந்தவர்கள் நாங்கள். 1990 க்குப் பின் பொருளாதாரத் தடைக்குள் குடும்பம் நடத்தினோம். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். 2022 இல் காஸ் கிடையாதபோது பேரப்பிள்ளைகளுக்கு விறகடுப்பு மூட்டக் காட்டிக் கொடுத்ததும் நாங்கள்தான்.

மனையியல் வகுப்பில் படித்த ஒன்று இன்றும் உதவுகிறது. ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றைப் போடுமுன், அது அந்தக் கறியில் என்ன வேலை செய்கிறதென்று பார்க்கவேண்டும். பழப்புளியின் வேலை புளிப்பு. மாங்காய்க் காலத்தில் அதை மாங்காய் செய்துவிடும். கோதுமை மா விலை ஏறினால் புட்டை முழுக்கக் குரக்கனிலேயே அவிக்கலாம். ரொட்டி அப்படியல்ல. குரக்கனில் இழுவை இல்லை. பாதிக்குமேல் போட்டால் தட்டும்போதே வெடிக்கும்.

தேங்காய்க்கு இரண்டு வேலை, தடிப்பும் ருசியும். ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டிய பின்பும் சில வீடுகளில் பூவை ஒருதரம் பிழிந்துவிட்டு எறிகிறார்கள். எங்கள் அம்மாமார் மூன்று பால் எடுத்தார்கள். மூன்றாம் பாலில் மரக்கறியை அவித்து, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, இறக்கும் தறுவாயில் முதற்பாலை விட்டால் பாதித் தேங்காய் போதும். முதற்பாலை ஆரம்பத்திலேயே விட்டுக் கொதிக்கவைத்தால் அது திரைந்து எண்ணெயாகப் பிரியும். காசும் போகும், ருசியும் போகும். தடிப்புக் காணாவிட்டால் அவித்த மைசூர்ப் பருப்பை மசித்து விடலாம், அல்லது வறுத்த அரிசிமாவில் ஒரு கரண்டி கரைத்து விடலாம். பிழிந்த சக்கையை முருங்கையிலை வறைக்குள் போட்டால் ஒருவருக்கும் தெரியாது. (மாமியாருக்குத் தெரியும் என்கிறாள் எங்களுள் ஒருத்தி.)

மீனிலும் அப்படித்தான். அறக்குளாவுக்குப் பதில் சூடையோ நெத்தலியோ வாங்குவது தரக்குறைவல்ல. சின்ன மீனை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்துச் சேரும்.

மரவள்ளியில் மட்டும் கவனம். மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அதிலுள்ள நஞ்சு ஆவியோடும் தண்ணீரோடும்தான் போகும். நீலம் பாரித்த கிழங்கை எறியுங்கள். அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது சமையற் குறிப்பல்ல. தட்டுப்பாட்டுக் காலமெல்லாம் எங்கள் வீடுகளில் மிச்சம் பிடித்த பொருள் எங்கிருந்து வந்தது? அநேகமாக அம்மாவின் கோப்பையிலிருந்து. ஆண்களும் பிள்ளைகளும் தின்றபின் சட்டியை வழித்துச் சோறு பிசைந்தவர் அவர். ஒரு முட்டை இருந்தால் அது தம்பிக்கு. பெரியபிள்ளையான கிழமை மட்டும் உழுந்துக்களியும் நல்லெண்ணெயும் முட்டையுமாகத் தந்துவிட்டு, அடுத்த மாதமே பழைய கணக்குக்குத் திரும்பினார்கள். மாதந்தோறும் இரத்தம் போகிற பிள்ளைக்குக் கீரையும் பயறும் மீனும் மாதந்தோறும் வேண்டும். சாப்பாட்டோடு சாயத்தேநீர் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தையும் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. பால்மா வாங்க முடியாத வீட்டில் பிள்ளைக்கு அதே கோப்பையில் சாயத்தேநீர் ஊற்றிக் கொடுப்பது மாற்றீடு ஆகாது, கோப்பைதான் நிரம்பும். இலைக்கஞ்சி கொடுக்கலாம், பயற்றங்கஞ்சி கொடுக்கலாம். கஷ்டம் வந்தால் எல்லாக் கோப்பையிலும் சமமாகக் குறையட்டும். மருமக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இதை நாங்கள் வாய்விட்டே சொல்லி வருகிறோம். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

பேசிக்கொண்டிருந்தால் பசி தீராது என்பதால் மனையியல் அறையில் ஒடியற்கூழ் காய்ச்ச ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒடியல் மாவை நேற்றிரவே ஊறவைத்தோம். கசப்புப் போக இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றியாயிற்று. நண்டும் இறாலும் விற்கிற விலையில் இன்று மீன்தலையும் நெத்தலிக் கருவாடும்தான். மரக்கறிக்காரருக்குப் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் போட்டுத் தனிப் பானை. பிலாவிலை பின்வளவு மரத்திலேயே இருக்கிறது. கோலிக் குத்துவதற்கு ஈர்க்கும் வெட்டி வைத்திருக்கிறோம். ஆசிரியைகள் முதலில் வாருங்கள்.