நாலு கம்பியும் ஒரு தேயிலைப் பெட்டியும்

நான் கேமரன் மலையில் திரிங்காப்புக்காரன். வயது 68. பகலில் மருமகனின் தக்காளித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை இரவானால் பிரிஞ்சாங்கில் ஒரு பாரில் பேஸ் கித்தார் வாசிக்கிறேன். நாலு பேர் கொண்ட குழு. பாடுவது ஈப்போவிலிருந்து வரும் ஒரு சீனப் பெண். டிரம் அடிப்பவனுக்கு என் பேரன் வயது. கித்தார் வாசிக்கும் பஞ்சாபிக்காரர் என்னைவிட நாலு வயது மூத்தவர். மேடை ஏறக் கை கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும், கொடுக்காவிட்டாலும் வரும்.

வயதான காலத்தில் பாரில் வாசிப்பது எப்படி இருக்கிறது என்று வானொலி நிலையத்தில் பேசச் சொன்னார்கள். உடம்பு, காது, சம்பளம் எல்லாவற்றையும் தொடச் சொன்னார்கள். தொடுகிறேன். அதற்கு முன்னால் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் தேயிலை பலகைப் பெட்டியில்தான் கப்பலேறும். மெல்லிய ஒட்டுப்பலகை, ஓரமெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈரம் புகாமல் பளபளவென்று ஒரு தாள். பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மூலை உடைந்த பெட்டி தோட்டத்து ஃபேக்டரியிலிருந்து எங்கள் லயத்துக்கு வந்து சேரும். எங்கள் வீட்டில் அம்மா அதில் கம்பளி வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் கோழி அடைகாத்தது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஈப்போவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு அண்ணன் அந்தக் கம்பளியையெல்லாம் தூக்கிக் கட்டிலில் போட்டார். பெட்டியைக் கவிழ்த்தார். நடுவில் ஆணியால் ஒரு துளை. அதன் வழியே ஒரு கயிற்றை விட்டு அடியில் முடிச்சுப் போட்டார். துடைப்பக் கட்டை ஒன்றைப் பெட்டியின் விளிம்பில் நிறுத்தி, அதன் உச்சியில் கயிற்றின் மறுமுனையைக் கட்டினார். கட்டையைப் பின்னால் சாய்த்தால் கயிறு இறுகும், ஓசை ஏறும். விட்டுக்கொடுத்தால் இறங்கும். அவ்வளவுதான் வாத்தியம். அண்ணன் கயிற்றைச் சுண்டினார். சத்தம் காதுக்கு வருவதற்குள் மண் தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வந்துவிட்டது.

அன்று மாலை அம்மா எனக்குக் கொடுத்த அடி வேறு கதை. ஆனால் நேயர்களே, அந்த உள்ளங்கால் குறுகுறுப்புக்காகத்தான் இத்தனை வருஷம் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே வாத்தியத்தை இங்கிலாந்துப் பையன்கள் 1950களில் தெருவுக்குத் தெரு வாசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. லோனி டோனகன் என்ற பாடகர் 1956இல் கிளப்பிவிட்ட ‘ஸ்கிஃபிள்’ பைத்தியம் அது. வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்கள் தேயிலைப் பெட்டியையும் துணி துவைக்கும் பலகையையும் வைத்துக் குழு அமைத்தார்கள். பீட்டில்ஸ் ஆவதற்கு முன் ஜான் லெனன் நடத்திய குவாரிமென் குழுவிலும் தேயிலைப் பெட்டி பேஸ் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் எங்கள் பாருக்கு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், இடைவேளையில் என்னிடம் வந்து, தன் முதல் வாத்தியம் ஒரு தேயிலைப் பெட்டி என்றார். என்னுடையதும் அதுதான் என்றேன். நம்பவில்லை. கையாலே வரைந்து காட்டினேன், துளை, முடிச்சு, கட்டை எல்லாம். அப்புறம் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிரம் பையன் பயந்துபோனான். அவருடைய பெட்டி சிலோனிலிருந்து போனதோ அஸ்ஸாமிலிருந்து போனதோ. யாரோ ஒரு அக்கா கொழுந்து பறித்துப் போட்டதுதான், என் அம்மா மாதிரி.

பிறகு பெட்டிகள் போய்க் காகிதச் சாக்குகள் வந்தன. நானும் தோட்டத்துத் திருவிழா, கல்யாணம், தீபாவளிக் கலை இரவு என்று இன்னிசைக் குழுக்களில் வாசித்து, நாலு கம்பி பேஸ் கித்தாருக்கு வந்துவிட்டேன். அதற்குள் இளையராஜா வந்திருந்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதுவரை எங்கள் பாட்டுகளில் பேஸ் என்றால் பெரும்பாலும் தாளத்துக்குத் துணை. ராஜா அந்தக் கீழ்க் குரலுக்குத் தனியாக ஒரு மெட்டுக் கொடுத்தார். மேலே பாடகர் ஒரு கதை சொல்ல, கீழே பேஸ் வேறொரு கதை சொல்லும். 1980இல் ‘மூடுபனி’ வந்தது, அவருடைய நூறாவது படம். அதில் கித்தாரோடு யேசுதாஸ் நிலாவைக் கூப்பிட்டுப் பாடுவாரே, அந்தப் பாட்டுக் கேசட்டைத் தேயத் தேயத் திருப்பி வைத்துக் கேட்டேன். இன்றைக்கு மின்னல் எஃப்எம் என்கிறோமே, அந்த வானொலியிலும் கேட்டேன். எங்கள் மலையில் மழை பெய்தால் இரைச்சல்தான் வரும். இரைச்சலுக்கு அடியிலும் அந்தப் பேஸ் மட்டும் கேட்கும். உங்களுக்கு நேரம் கிடைத்தால் இன்றைக்கு அந்தப் பாட்டைப் போட்டு, யேசுதாஸைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அடியில் மட்டும் காது வையுங்கள்.

சரி, பாருக்கு வருகிறேன். அங்கே நாங்கள் என்ன வாசிக்கிறோம்? வருகிறவர்கள் பாதிப் பேர் ஈப்போ, கோலாலம்பூர் சீனர்கள். மற்றவர்கள் வெளிநாட்டுப் பயணிகள். ஆங்கிலம், கண்டோனீஸ், மாண்டரின், நடுவில் கட்டாயம் இரண்டு அல்லிகேட்ஸ் பாட்டு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், பினாங்கு அண்ணன் தம்பிகள். ஹாங்காங் கிளப்புகளில் இரவு இரவாக வாசித்துத் தேறியவர்கள். நம் பிள்ளைகள் பாடிய மலாய்ப் பாட்டை நாடே பாடியது. லோகநாதன் 2007இல் போய்விட்டார். டேவிட் எழுபதைத் தாண்டியும் மேடை ஏறியவர். அவரை நினைத்துத்தான் நானும் பஞ்சாபிக்காரரும் மாடிப்படி ஏறுகிறோம்.

ஆனால் தமிழ்ப் பாட்டு? யாரும் சீட்டு எழுதிக் கேட்பதில்லை. பத்து வருஷத்தில் மூன்று முறை கேட்டிருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை, தெரேசா தெங் 1970களில் பாடிப் புகழ் பெற்ற அந்த நிலாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் எங்கள் இரவு முடியாது. எனக்கு அலுப்பு. கை தானாக ஒரு வேலை செய்தது. சுரங்கள் அந்தப் பாட்டுக்கு உரியவை, நடை மட்டும் ‘மூடுபனி’ நடை. பாடுகிற பெண்ணுக்குத் தெரியவில்லை. பஞ்சாபிக்காரர் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேசைகளில் பேச்சு நிற்கவில்லை.

அப்போது சமையற்கட்டுக் கதவு திறந்தது. பாத்திரம் கழுவுகிற அம்மா, ஐம்பது வயதிருக்கும், கையில் சோப்பு நுரையோடு நின்று என்னைப் பார்த்தார். பாட்டு முடியும்வரை நின்றார். இடைவேளையில் தே ஓ கொண்டுவந்து வைத்துவிட்டு, “அண்ணே, மேலதான் சீனப் பாட்டு, கீழ நம்ம ராஜா பாட்டு, அப்படித்தானே?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார். ப்ளூ வேலிப் பக்கம் லயத்தில் வளர்ந்தவராம், பிறகு தெரிந்தது.

அரசாங்க விருது வாங்கியவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு அந்தத் தே ஓ போதும்.

ஐயையோ, மணி ஓடுகிறது. உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் மலையில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும். லேன்ட் ரோவரின் பின்னால் குளிரில் கிடந்த கித்தாரின் கம்பிகள் சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும், பாருக்குள் சூடு பட்டதும் இறங்கும். அதனால் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்திருந்து பிறகுதான் சுருதி சேர்ப்பேன். விரல் முன்போல் விரிவதில்லை. வழக்கமான பேஸில் கம்பியின் வாசிக்கும் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்துக்கு மாறிவிட்டேன். டிரம் பையன் சிரித்தான். அவனுக்கும் ஒருநாள் 68 வரும். காதை மட்டும் விளையாட்டாக எண்ணாதீர்கள், இளம் வாத்தியக்காரர்களே. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நான் அடைப்பான் போடத் தொடங்கியது ஐம்பது வயதில். என் இடது காதில் ஒரு சிள்வண்டு நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

முடியைப் பற்றியும் ஒரு வரி. 1992இல் முடி வளர்த்த ராக் பாடகர்கள் வானொலி, தொலைக்காட்சிப் பக்கம் வரக்கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது, எனக்கு அந்தப் பிரச்சினையே இருக்கவில்லை. இருந்ததெல்லாம் அதற்குள் கொட்டிவிட்டது.

சம்பளம்? சொல்லும்படி இல்லை. நாலு வாரம் வாசிக்கவிட்டு, ஐந்தாம் வாரம் கதவைப் பூட்டிக்கொண்டு போன தௌக்கேகளையும் பார்த்திருக்கிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் பழைய டிரம்மர் செட்டை விற்றுவிட்டுச் செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டப் போனார், திரும்பவில்லை. தப்பென்று சொல்லமாட்டேன். வீட்டுக்காரி என்ன சொல்கிறாள் என்று கேட்கிறீர்களா? பசியாறும்போது ஒன்றும் சொல்வதில்லை. சனிக்கிழமை சாயந்தரம் மட்டும் வாசலில் ஸ்வெட்டரும் தைல டப்பாவும் இருக்கும்.

நிலையத்துத் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறார். பள்ளி விடுமுறையில் மலைக்கு வருவீர்கள், கீ ஃபார்ம் பக்கம் கார் நகராமல் நிற்கும், என்னைத் திட்டாதீர்கள். சனிக்கிழமை இரவு பிரிஞ்சாங்கில் நடந்து போகும்போது எங்கேயாவது தெரேசா தெங் பாட்டுக் கேட்டால், உள்ளே வந்து ஒரு சீட்டில் தமிழ்ப் பாட்டு ஒன்றை எழுதிக் கொடுங்கள். இப்போதெல்லாம் அந்தச் சமையற்கட்டுக் கதவுக்கு நான் ஒரு கட்டை வைத்துத் திறந்தே விட்டிருக்கிறேன்.