எண்ணுக்கு ஏற்ற கலம்



நெல் அளக்கும் மரக்காலில் கொள்ளளவுக்கு மேல் கொட்டினால் நெல் சிந்தும். சிந்தியது கண்ணுக்குத் தெரியும். கணிப்பொறியிலும் எண்களை இட்டுவைக்கக் கலங்கள் உண்டு. அவை நிரம்பி வழிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்படி வழிந்தால் விளைவது யாது என்பதே இன்றைய பேச்சு.

மோட்டாரைக் குறித்த இடத்திற்கு ஓட்டி நிறுத்தும் கருவியை இயக்கக் கட்டுப்படுத்தி என்பர். அதற்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொகுதியே நிரல். நிரலில் மூன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மாறுகின்ற மதிப்பைத் தாங்கும் கலத்திற்கு மாறி என்று பெயர். 'இங்கே சென்று வேலையைத் தொடர்க' என்று பணிப்பதற்காக நிரலின் ஓரிடத்திற்குச் சூட்டும் பெயர் அடையாளம். கலம் எவ்வளவு பெரிது, அது முழு எண்ணைக் கொள்ளுமா, பின்னத்தையும் கொள்ளுமா என்று வகுப்பது எண் வடிவம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். திருகு ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை 5 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு சுற்றுக்கு 1,000 துடிப்புகள் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கையைக் குறியுடைய 16 பிட் கலத்தில் வைக்கிறோம். அக்கலம் கொள்ளும் பேரெண் 32,767. 32 சுற்றுக்கு 32,000, இடர் இல்லை. 33ஆம் சுற்று முடியும்போது 33,000 ஆக வேண்டும். கலமோ அதனைக் கழித்தல் 32,536 என்று காட்டும்! மேசை 165 மில்லிமீட்டர் முன்னே நிற்க, கணக்கு அது 162 மில்லிமீட்டருக்கும் அதிகமாகப் பின்னே நிற்பதாகக் கூறும். கருவி அதனை நம்பி, மேசையை மேலும் முன்னே தள்ளி முட்டச் செய்யும். 32 பிட் கலமாயின் இருநூறு கோடிக்கு மேலும் எண்ணலாம்.

இது தொழிற்கூடத்துச் சிறு பிழை என்று எண்ணிவிடாதீர்கள். 1996 ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூரூவிலிருந்து ஐரோப்பியரின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் நிலையறி கருவியின் நிரல் முந்தைய ஏரியான் 4இலிருந்து எடுத்தாளப்பட்டது. கிடைவேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட் பின்ன வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் பகுதி அதில் இருந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் எல்லைக்குள் அடங்கியது. புதியதோ மிக விரைவாகக் கிடைவேகம் பெற்றது. ஏறத்தாழ 37 நொடியில் எண் கலத்திற்கு அடங்காமல், கருவி நின்றது. அதே நிரலையுடைய மாற்றுக் கருவியும் அதற்குச் சற்று முன்னரே நின்றிருந்தது. நின்ற கருவி அனுப்பிய பிழைக் குறிப்பைப் பறப்புத் தகவல் என்று கொண்ட கணிப்பொறி, ராக்கெட்டைத் திடீரெனத் திருப்பிற்று. அது வானிலேயே சிதறியது. நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. பிழை நிகழ்ந்த அக்கணக்கு, புறப்பட்ட பின் அந்த ராக்கெட்டுக்குத் தேவையே அற்றது என்பதுதான் பெருங்கொடுமை.

விசாரணைக் குழு கண்டது இது: இடருக்குரிய மாறிகள் ஏழு, நான்குக்குக் காப்பு இருந்தது, மூன்றுக்கு இல்லை. கணிப்பொறியின் வேலைச் சுமையைக் குறைக்கவே அம்மூன்றையும் விட்டிருந்தனர். ஏன் விட்டோம் என்ற காரணம் நிரலில் எழுதப்படவில்லை. அதனை எடுத்தாண்டவர் எவ்வாறு எச்சரிக்கை பெறுவர்?

பல்லாண்டுகள் மாணவர் விடைத்தாள்களைத் திருத்தியவன் நான். விடை சரியாயிருந்தும் 'அலகு எங்கே?' என்று மதிப்பெண் குறைத்தபோது முகம் வாடியவர் பலர். அது கண்டிப்புக்காகச் செய்ததன்று. நிரல் எழுதப் புகும் நீங்கள் ஒவ்வொரு மாறிக்கும் பொருள் விளங்கும் பெயரிடுங்கள். அதன் அலகையும், அது எட்டக்கூடிய உச்ச அளவையும், அவ்வளவு போதுமென்று நீங்கள் துணிந்த காரணத்தையும் அருகிலேயே எழுதிவையுங்கள். நாளை அந்நிரலை வேறொரு பொறியில் பூட்டப்போகும் ஒருவருக்கு, நீங்கள் அருகில் இல்லாதபோது, அந்தச் சிறு குறிப்பே ஆசானாக நிற்கும்.